முப்பத்திரண்டும் முழுசாக

மிளகளவு, மிளகளவு என்று முணுமுணுத்துக்கொண்டே பேஸ்ட்டைப் பிதுக்கினாள் அம்சவேணி. மிளகளவு போதும்மா, நுரை கூடாது, நுரை தொண்டைக்குள்ள இறங்கிடும் என்று நர்ஸ் ஜெசிந்தா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ட்யூப்பிலிருந்து வந்ததோ சுண்டைக்காய் அளவு. அதைத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி பிதுக்கினாள். கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறாய் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களுக்குச் செமத்தியாகக் கிடைத்திருக்கும். கோபத்தில்தான் நடுங்கியது, அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள். மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு ஜெசிந்தா வருவாள், புதனும் சனியும் அவள் முறை, அந்தச் சின்ன டார்ச்சோடு வருவாள், வந்ததும் ஐயா ஆ காட்டுங்க என்பாள், காட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். மூன்று நாளாக இந்த வாய் துலக்கப்படவில்லை. ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை, செவ்வாயும் இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து உட்கார வைத்திருந்த வைத்தியலிங்கத்தின் நெற்றியைத் தொட்டாள். சுட்டது. சுடுகிறதா, தன் கைதான் தண்ணீரில் இருந்து சில்லிட்டுப்போயிருக்கிறதா? புறங்கையால் தொட்டாள், கழுத்தடியில் தொட்டாள், தன் கழுத்தையும் தொட்டு ஒப்பிட்டாள். சுட்டது. விடிகாலையிலிருந்து தொண்டையில் ஒரு கொரகொரப்பு வேறு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் கேட்குமே, அந்த மாதிரி. பாவி மனுஷா, என்னைக் கொலைகாரியாக்கிவிட்டுத்தான் போவாயா என்று மனசுக்குள் கேட்டாள். வாயில் எப்போதும் 'நீங்க'தான். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு நாள் நாக்குத் தவறியதில்லை. மனசில் மட்டும் கொஞ்ச நாளாக ஒரு 'நீ' வந்து உட்கார்ந்துகொண்டு, துரத்தினாலும் போகமாட்டேன் என்கிறது.

தை மாதம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், வாஷ்பேசின் முன்னால் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. அவள் ஓடி வந்து பார்த்தபோது வாயோரம் நுரை. பற்பொடி நுரை என்று தெரியாமல் அதற்குத்தான் முதலில் அலறினாள். மிச்சமிருப்பது இடது கையும் ஒரு 'ஆ'வும். பசித்தால் ஆ, வலித்தால் ஆ, மின்விசிறியை நிறுத்து என்றாலும் ஆ. சித்திரையில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டி, பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அங்கேதான் அந்த டாக்டர், மகன் வயசுகூட இருக்காது, அவளை வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "இது வாயால வந்த காய்ச்சல்மா. படுத்தே இருக்கறவங்களுக்கு வாய்க் கிருமி எச்சிலோட சேந்து நெஞ்சுக்குள்ள இறங்கும். ஒரு தடவ தப்பிச்சுட்டார். இன்னொண்ணு வந்தா தாங்கமாட்டார். ரெண்டு வேளையும் பல்லு துலக்கி விடுங்க. அதான் மருந்து." மற்ற மருந்துக்கெல்லாம் ஒரு பாட்டில் இருக்கிறது, அட்டை இருக்கிறது, தீர்ந்துபோனால் கடையில் கிடைக்கிறது. இது ஒன்று மட்டும் அவள் கையில். அவள் மனசு வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. இப்படி ஒரு அதிகாரத்தை யார் கேட்டார்கள்? ஜெசிந்தா வந்து முறை சொல்லிக்கொடுத்தாள். நல்லா உக்கார வைங்க, தாவாக்கட்டை கீழ பாக்கணும். குழந்தைங்க பிரஷ்தான், சின்னத் தலை. பல்லும் ஈறும் சேர்ற எடத்துல சாய்ச்சு வைங்க. தேய்க்காதீங்கம்மா, பாத்திரம் இல்ல அது. வட்டம் போடுங்க, சின்னச் சின்ன வட்டமா, பொட்டு வைக்கிற மாதிரி. வாய நாலாப் பிரிச்சுக்கங்க, ஒவ்வொரு பக்கமும் முப்பது எண்ணுங்க. ஐம்பத்தெட்டு வயசில் பல் துலக்க எழுத்தறிவித்தார்கள் அவளுக்கு, அதுவும் அடுத்தவர் பல்லை.

"ஆ காட்டுங்க" என்றாள். காட்டினார். வாடை வந்து முகத்தில் அடித்தது. புளித்த மாவும் மாத்திரையும் கலந்த வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு இடது மேல் வரிசையில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மஞ்சள் கைப்பிடியில் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருந்தது, சிரிக்கட்டும், அதற்கு என்ன கேடு. நான்கு, ஐந்து. எப்பேர்ப்பட்ட பற்கள். அறுபத்தெட்டு வயசில், பாதி உடம்பு செத்த பிறகும், மேலே பதினாறு கீழே பதினாறு, ஒன்று ஆடவில்லை, ஒன்றில் சொத்தையில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே சொல் போய்விட்டது, பல் ஒன்றுகூடப் போகவில்லை. கடவுளுக்கும் ஒரு எடை அளவு ஆபீஸ் இருந்தால் இவரே போய்ச் சோதனை போட்டிருப்பார். அதுதானே உத்தியோகம், கடை கடையாகப் போய்த் தராசைத் தூக்கிப் பார்ப்பது, படிக்கல்லின் அடியில் ஈயம் சுரண்டியிருக்கிறதா என்று நகத்தால் கீறுவது, ஒரு இழை குறைந்தாலும் பறிமுதல். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் அணையாது. சட்டினியில் உப்பு, சுவரில் படத்தின் சாய்வு, மகனின் பல். ஈ காட்டு என்பார், பையன் ஈ என்று காட்டிக்கொண்டு நிற்பான், போ போய் இன்னொரு தடவை விளக்கிட்டு வா என்று விரட்டுவார். இவர் விளக்குவதோ ஒரு திருவிழா. பற்பொடியும் பிரஷ்ஷுமாக, முஷ்டியில் பிடித்துக்கொண்டு, ரம்பம் அறுப்பதுபோல இடதும் வலதுமாகப் பத்து நிமிஷம், வீடு முழுக்க நடந்துகொண்டே, நுரை வழிய வழிய அதிகாரம் பண்ணிக்கொண்டே. பிறகு நாக்கு வழிக்கும் படலம், உறையூர்க் கடைசி வீடு வரைக்கும் கேட்கும் ஓங்கரிப்பு. அப்படி அறுத்ததற்கு ஈறு தேய்ந்து பல் கூசி விழுந்திருக்க வேண்டும் என்கிறாள் ஜெசிந்தா, ஐயாவுக்கு எப்படித்தான் தாங்குச்சோ. தாங்கும்மா தாங்கும். எதுவும் அவரைத் தொடாது. சுற்றி இருப்பவர்களைத்தான் தொடும். எத்தனை எண்ணினோம்? விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து.

இதே இடம்தான். இடது பக்கம், மேல் வரிசை, முன்னாலிருந்து மூன்றாவது. அவருடையது வரிசையில் நின்றுகொண்டிருந்தது, கூர் மழுங்காமல். அவளுடையது வரிசையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்து நின்ற பல், தெத்துப்பல். அவள் பிறந்த வீட்டில் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். சிரித்தால் முதலில் அது வெளியே வரும், பிறகுதான் மற்றவை. அப்பா அதற்காகவே அவளைச் சீண்டிச் சிரிக்க வைப்பார். கல்யாணப் போட்டோக்காரர்கூடக் கொஞ்சம் சிரிங்கம்மா என்று நான்கு படம் கூடுதலாக எடுத்தார். புகுந்த வீட்டில் வேறு சட்டம். தெத்துப்பல் மாமியாருக்கு ஆகாது. எங்கே கேட்டாள், யார் சொன்னார்கள், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நாத்தனார் மங்கை கேட்டுக்கொண்டு வந்தாள். இவள் வந்து இரண்டாம் மாதம் மாமியார் மொட்டைமாடிப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பு பிசகியதும் அது சாஸ்திரமாகிவிட்டது. படியில் எண்ணெய் சிந்தியவள் மங்கை. பழி ஏறியது பல்லின்மேல். இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்தவர், அரசாங்க முத்திரை குத்துகிறவர், கல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரிந்தவர். அன்றைக்குச் சொல்லவேண்டியவர் சொல்லவில்லை, ஒரு வியாழக்கிழமை லீவு போட்டார். சினிமாவுக்கு என்று நினைத்து மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு போனாள் அம்சவேணி, கிறுக்கி. கண்ணாடிப் பெட்டிக்குள் செட்டுப் பல் வைத்திருந்த ஒரு பல் வைத்தியர் கடை. வைத்தியர் சைனாக்காரர், ஆனால் திருச்சியிலேயே பிறந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. விளக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல பல்லுங்க, வேரு கல்லு மாதிரி இருக்கு. எதுக்குப் புடுங்கணும்?" என்றார். இரண்டு தடவை கேட்டார். இரண்டாம் தடவை அவளைப் பார்த்தே கேட்டார். உலகத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவள் இவரைப் பார்த்தாள். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "வரிசையில இல்ல, எடுத்துருங்க" என்றார். ஆடாத பல்லைப் பிடுங்குவது என்றால் என்ன என்று பிடுங்கிக்கொண்டவளுக்குத்தான் தெரியும். வைத்தியர் பல்லைப் பஞ்சில் சுற்றி அவள் கையில் வைத்தார், என்னவோ பிள்ளையைக் கொடுப்பதுபோல. வெளியே வந்ததும் இவர் அதை வாங்கி, கடை வாசல் சாக்கடையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். மாமியார் அதற்குப் பிறகு எண்பத்தொன்பது வயசு வரைக்கும் இருந்தாள். பல்லைப் பிடுங்கிய பலன்தான், வேறென்ன. முப்பது.

கீழ் வரிசை, இடது. ஒன்று, இரண்டு. ஒரு பல் போனால் போகிறது என்றுதான் அம்மாகூடச் சொன்னாள். ஒரு பல் போனால் ஒரு பல்லோடு நிற்கிறதா? காலி இடத்தைப் பார்த்துப் பக்கத்துப் பல் சாய்ந்தது, அது சாய்ந்ததும் கீழ்ப் பல் மேலே வந்தது, இடுக்கில் சோறு சிக்கிச் சொத்தை விழுந்தது, உதட்டின் அந்த மூலை உள்ளே போய்விட்டது. நாற்பது வயசுக்குள் இன்னும் மூன்று போயின. வாயை மூடிச் சிரி என்பார் இவர், நாலு பேர் முன்னால. அவள் வாயை மூடிச் சிரித்தாள், பிறகு கையால் மறைத்துச் சிரித்தாள், பிறகு பேசும்போதும் கை தானாக வாய்க்குப் போயிற்று, பிறகு சிரிப்பே எதற்கு என்று ஆகிவிட்டது. இதெல்லாம் ஒரு பெரிய அக்கிரமமா? யாரையும் வெட்டவில்லை, குத்தவில்லை. பஞ்சாயத்து வைத்தால் சிரிப்பார்கள். பல்லுக்காகவா முப்பத்தேழு வருஷம் என்பார்கள். அதனால்தான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்ததனால் அது உள்ளேயே கிடந்து புளித்திருக்கிறது. போன சனிக்கிழமை மத்தியானம் மங்கை வந்தாள், அண்ணனைப் பார்க்க, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, அவருக்குக் கொடுக்கக்கூடாத பழம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவி, "பாருங்க அண்ணி, அண்ணனுக்குப் பல்லு எம்புட்டு வரிசையா முத்து மாதிரி இருக்கு. நீங்கதான் அந்தக் காலத்துலயே பல்லக் கவனிக்காம வுட்டுட்டீங்க" என்றாள். பொல்லாதவளாக இருந்து சொல்லியிருந்தால் பரவாயில்லை. பாசமாகச் சொன்னாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. குழாயடி ஞாபகமில்லை, எண்ணெய் ஞாபகமில்லை, வியாழக்கிழமை ஞாபகமில்லை, சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கிறாள். அம்சவேணி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, என்ன பண்றது மங்கை என்றாள். அப்போதுதான் அவர் சிரித்தார். இடது பக்கம் உதடு மேலே ஏறி, பற்கள் தெரிந்தன. ஜெசிந்தாவைக் கேட்டால் அது நரம்பு இழுக்கறதும்மா, சிரிப்பில்ல என்பாள். நரம்புக்கு எப்படித் தெரியும் எந்தப் பேச்சுக்கு இழுக்க வேண்டும் என்று? அன்றைக்குச் சாயங்காலம் பிரஷ்ஷை எடுத்தவள் வைத்துவிட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்றுதான் வைத்தாள். மறுநாளும் எடுக்க மனசு வரவில்லை.

முப்பது ஆயிற்றா? ஆனதாக வைத்துக்கொள். வலது மேல். இந்தப் பக்கம் கன்னம் தொளதொளத்துத் தொங்கும், ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் துலக்க வேண்டும். சரியான கூத்து என்னவென்றால், அந்த மூன்று நாளும் வேளாவேளைக்குப் பிரஷ்ஷை நனைத்து டம்ளரில் வைத்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் பார்க்க? மகன் ஓசூரில். ஜெசிந்தா புதன்கிழமைதான். நனைத்துப் பாவனை பண்ணி யாரை ஏமாற்றினாள்? திங்கட்கிழமை காலையில் அவர் இடது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலால் முன்பல்லைத் தேய்த்துக்கொண்டு ஆ என்றார். தண்ணீர் கேட்கிறார் என்று கரண்டியில் இரண்டு வாய் கொடுத்தாள். நேற்றும் அதே மாதிரி, விரலை வைத்து இப்படியும் அப்படியும், ஆ, ஆ. இப்பதானே குடிச்சீங்க என்று சிடுசிடுத்தாள். செத்துப்போகட்டும் என்று நினைத்தாளா? இல்லை, அப்படி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று இவ்வளவு அவசரமாகச் சொல்வானேன்? ஒரு நாள் துலக்காமல் இருந்து பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லையே என்று இருந்ததா, அப்பாடா என்று இருந்ததா, அதைத்தான் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு நெற்றி சுடுகிறது. கன்னத்தைத் தூக்கியவள் உள்ளே பார்த்துத் திக்கென்று நின்றாள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே, பை மாதிரி, இட்லி. நேற்றைய இட்லி, முந்தாநாள் குழைத்த சோறு, வெள்ளையாகக் கரைந்த மாத்திரை, எல்லாம் அடைத்துக்கொண்டு ஊசிப்போய் இருந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி கிடையாது, சாப்பிட்டது தங்கினாலும் தெரியாது, அதனால வலது கன்னத்த மட்டும் மறக்காதீங்கம்மா என்று ஜெசிந்தா தலைதலையாக அடித்துக்கொண்டிருக்கிறாள். மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலை.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள், அப்போது அவளுக்கே தெரியாது. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள், ஈரத் துணியை விரலில் சுற்றினாள், உள்ளே விட்டு வழித்தாள். வழித்துக் கிண்ணத்தில் தட்டினாள், மறுபடி விட்டாள், இன்னும் உள்ளே, கடைவாய் வரைக்கும். விரல மட்டும் பல்லுக்கு நடுவுல விட்றாதீங்க, வாய் தானா மூடிக்கும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்ததும் ஞாபகம் வந்தது, ஆனால் வாய் மூடிக்கொண்ட பிறகு வந்தது. முப்பத்திரண்டும் முழுசாக உள்ள வாய். ஆள்காட்டி விரல் முதல் கணுவுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. கண்ணில் பொறி பறந்தது. இழுத்தால் இன்னும் இறுகியது. பிடுங்கின இடமும் இதே மாதிரிதான் அன்றைக்குத் தெறித்தது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்க்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்த மனுஷனின் கண் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். "கடிங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நல்லாக் கடிங்க. நரம்பு கடிக்குதா, நீங்க கடிக்கிறீங்களா? நீங்கன்னா சொல்லுங்க. நரம்போட என்னால சண்ட போட முடியாது. சனிக்கிழம சிரிச்சது யாரு? அதாச்சும் நீங்களா? அந்தப் பல்லு உங்கள என்ன பண்ணுச்சு? ஒங்க அம்மாவக் கொன்னுச்சா? அந்த ஆளு ரெண்டு தடவ கேட்டாரே, நல்ல பல்லுன்னு, வேணாம்னு ஒத்த வார்த்த சொல்ல ஒங்க வாய் வலிச்சுச்சா? பேச்சு இருந்துச்சே அன்னிக்கு. இன்னிக்கி இல்லைங்க, அன்னிக்கு இருந்துச்சுல்ல?" மூச்சு வாங்கியது. முப்பத்தேழு வருஷத்துக்கு இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா என்று இருந்தது அவளுக்கு. விரல் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

அவருடைய இடது கை மெத்தையிலிருந்து எழுந்தது. அடிக்க வருகிறார் என்று நினைத்தாள், இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் அடித்தவரில்லை. கை தடுமாறி, அவள் மணிக்கட்டைத் தாண்டி, தன் தாவாக்கட்டையைப் பிடித்தது. பிடித்துக் கீழே இழுத்தது. தன் வாயைத் தானே திறக்கப் பார்க்கிறார். வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கட்டைவிரலைக் கீழ்ப்பல்லுக்கு மேலே கொடுத்து, நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக வர, ஒரு பிடிவாதக்கார மாட்டை இழுப்பதுபோல இழுத்தார். மெதுவாக விட்டது. விரலை எடுத்துக்கொண்டாள். பல் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது, வரிசையாக, ஒன்றுகூடத் தெத்தாமல். அவர் கையைக் கீழே போடவில்லை. ஆள்காட்டி விரலை முன்பல்லில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தார், திங்கட்கிழமை செய்த மாதிரியே, நேற்றுச் செய்த மாதிரியே. ஆ என்றார். தண்ணீர் இல்லை. அவர் கேட்டது தண்ணீரே இல்லை. அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறார். மூன்று நாளும் உள்ளேயே இருந்து, நனைத்து வைத்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டு, ஊசிப்போன சோற்றை வாயில் வைத்துக்கொண்டு, காட்டிக்கொடுக்க ஆளில்லாமல், தன் விரலால் தன் பல்லைத் துலக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். பாவம் என்று வந்தது. கூடவே கோபமும் வந்தது, முன்னைவிட அதிகமாக. அதெப்படி, உள்ளே ஆள் இருக்கிறது என்றால் சனிக்கிழமைச் சிரிப்புக்கும் ஆள் உண்டு, வியாழக்கிழமைக் காலண்டருக்கும் ஆள் உண்டு. நல்லது. நரம்பில்லை, ஆள்தான். ஆளோடு சண்டை போடலாம். ஆனால் சண்டை போடுவதற்கு அந்த ஆள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

பிரஷ்ஷை எடுத்தாள். வலது மேல், ஈறோரம் சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக முப்பது. வலது கீழ் முப்பது. உள்பக்கம், நுனியால், ஒவ்வொரு பல்லாக. வாய் திறந்தே இருந்தது, அவர் கையாலேயே தாவாக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாக்கைப் பின்னாலிருந்து முன்னால் மூன்று முறை மெதுவாக இழுத்தாள். ஈரத் துணியால் கன்னத்தை மறுபடி துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள், ஒன்றும் இல்லை. இதைச் செய்யும்போதும் கோபம் அடங்கிவிடவில்லை. கோபத்தோடேயே ஒரு வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்பது அவளுக்குப் புதுசு. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தபோது அழைப்பு மணி அடித்தது.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள், வெயிலு கொளுத்துதும்மா, பஸ்ஸுல நிக்க முடியல. கையைக் கழுவினாள், தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தாள், டார்ச்சை அடித்தாள். ஐயா, ஆ காட்டுங்க. காட்டினார்.

"பளிச்சுனு இருக்கும்மா. கன்னம்லாம் சுத்தமா இருக்கு. நீங்க வந்து எங்க ஆஸ்பத்திரிப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும்."

தெர்மாமீட்டர் கீச்சென்றது.

"நூறு புள்ளி நாலு" என்றாள் ஜெசிந்தா. கொஞ்சம் யோசித்தாள். "தொண்டையில லேசாச் சத்தம் இருக்கு. ஆனா வாய் இவ்வளவு சுத்தமா இருக்கு… வெயில் சூடா இருக்கும்மா. காய்ச்சல் மாத்திர குடுத்து, ஈரத்துணி வைங்க. சனிக்கிழம வந்து பாக்குறேன். தெனம் ரெண்டு வேள துலக்கிட்டுத்தான இருக்கீங்க?"

கேள்விகூட இல்லை அது, ஒரு பேச்சுக்குக் கேட்டது. டம்ளரில் பிரஷ் ஈரமாக இருந்தது. வாய் பளிச்சென்று இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் 'ஆ'வைத் தவிர வேறு எழுத்து இல்லை. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அம்சவேணியின் கை வழக்கம்போல வாயை மறைக்க எழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், ரத்தம் கட்டிய விரலோடு அது பாதி வழியில் நின்றது. கீழே போட்டாள்.

"இல்ல சிஸ்டர். இன்னிக்குத்தான் துலக்குனேன். அதுக்கு முன்ன மூணு நாளாத் துலக்கல. கன்னத்துல சோறு, மாத்திர எல்லாம் அடஞ்சிருந்துச்சு. இப்ப வழிச்சேன்."

ஜெசிந்தாவின் முகம் மாறியது. மறு பேச்சுப் பேசாமல் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். வெப்பம், சத்தம், மூன்று நாள், கன்னத்தில் சாப்பாடு என்று அடுக்கினாள். ஆமா டாக்டர், உடனே கூட்டிட்டு வர்றோம் என்றாள். அடுத்து ஆம்புலன்ஸுக்கு. தெருவும் வீட்டு எண்ணும் சொன்னாள். போனை வைத்துவிட்டு, மாத்திரைப் பையையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று அம்சவேணி காத்திருந்தாள், திட்டியிருந்தால் பதிலுக்கு நன்றாகக் கத்தியிருக்கலாம்.

"உங்கள மாதிரி நல்லாப் பாத்துக்குறவங்கள நான் பாத்ததில்ல. ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"கோவம்."

"அப்படி என்ன கோவம்மா?"

டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்சவேணி அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்து, உதட்டின் இடது மூலையைக் கடிபட்ட விரலால் ஒதுக்கி, அந்தக் காலி இடத்தை வெளிச்சத்தில் காட்டினாள். ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கட்டிலில் வைத்தியலிங்கம் தலையை மெல்லத் திருப்பினார். இந்தத் தடவை அவரும் பார்த்தார்.